கூலிக்கு வீசிய கை: தொழில்முறைப் பந்துவீச்சின் வரலாற்றில் சேலத்து நடராஜன்

1. சிக்கல்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991இல் பிறந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜன், 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் இந்தியாவுக்காகத் தம் முதல் ஒருநாள் போட்டியை ஆடினார். டிசம்பர் 4 அன்று அதே மைதானத்தில் முதல் இருபது ஓவர் போட்டி. 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட்; இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய 300ஆவது வீரர் என்ற இடமும் அன்று அவருக்குக் கிடைத்தது. ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமான இந்தியர் அவருக்கு முன் எவரும் இல்லை.

இந்தச் செய்தியைத் தமிழ் ஊடகங்கள் ஏறக்குறைய ஒரே பாட்டையில் சொல்லின. தந்தை தறிப் பட்டறையில் கூலி வேலை செய்தவர். தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். மகன் விடாமுயற்சியால் உயர்ந்தார். இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கதையில் வறுமைக்கும் வெற்றிக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒன்று காணாமல் போகிறது. அது அவருடைய தொழில். அவர் வீசிய பந்து எங்கே உருவானது, யார் அதற்கு விலை வைத்தார்கள், எந்த நிறுவனங்கள் அதைத் தடுத்தன, எவை வழிவிட்டன என்ற கேள்விகள் எழுவதே இல்லை.

பந்துவீச்சு, தொழிலாக உருவெடுத்த இடங்கள் பலவற்றில், மட்டையாளருக்குச் செய்யும் பணிவிடையாகத் தொடங்கியது; என்ன பந்து வீசுவது என்று தீர்மானிக்கும் உரிமையை வீசுபவர் கைப்பற்றியபோதுதான் அது கைவினையாக நிமிர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேஸ்பாலிலும் புனேயின் வெள்ளையர் மன்றத்திலும் நடந்த அந்த மாற்றத்தை நடராஜனின் வாழ்க்கை நம் காலத்தில், நம் மாவட்டத்தில் மீண்டும் காட்டுகிறது. இப்படிப் பார்த்தால், அடுத்த நடராஜன் இதே மாவட்டத்தின் கிழக்கே ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வர என்ன தேவை என்ற நடைமுறைக் கேள்விக்கும் விடை தேட முடியும்.

2. பணிவிடையாகத் தொடங்கிய வேலை

பேஸ்பாலில் பந்தை எறிபவர் பிட்சர். தொடக்ககால விதிகளின்படி அவர் கையைத் தாழ்த்தி, அடிப்பவர் அடிக்க வாகாகப் பந்தைப் போட்டுத் தர வேண்டும். பந்து உயரமாக வர வேண்டுமா, தாழ்வாக வர வேண்டுமா என்று கேட்டு வாங்கும் உரிமைகூட ஒரு காலத்தில் அடிப்பவருக்கு இருந்தது. 1887இல்தான் அது நீங்கியது. இந்த ஏற்பாட்டை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் ஜிம் கிரெய்ட்டன். 1860இல் புரூக்ளின் எக்செல்சியர் அணிக்கு வந்த அவர் வேகமாகவும் திருப்பியும் எறிந்து அடிப்பவர்களைத் தடுமாற வைத்தார். ஆட்டக்காரருக்குப் பணம் தருவதைச் சங்க விதி தடை செய்திருந்த காலம் அது. கிரெய்ட்டனுக்கு மறைவாகப் பணம் தரப்பட்டது என்றும், பேஸ்பாலின் முதல் தொழில்முறை ஆட்டக்காரர்களுள் அவரும் ஒருவர் என்றும் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். மணிக்கட்டைச் சுண்டி விதியை மீறுகிறார் என்ற குற்றச்சாட்டும் அவர்மேல் எழுந்தது. 1862 அக்டோபரில், 21 வயதில், உள்ளுறுப்புக் காயத்தால் இறந்தார். மறைவான ஊதியம், கையின் மீதான சந்தேகம், விரைவில் தேய்ந்த உடம்பு என்ற மூன்றும் இந்தச் சின்ன வாழ்க்கையில் அடங்கிவிட்டன. மூன்றையும் வேறு வடிவில் பின்னால் சேலத்திலும் காண்போம்.

இங்கிலாந்தில் இந்த ஏற்பாடு வர்க்கப் பிரிவாகவே நின்றது. 1806இல் தொடங்கிய 'கனவான்கள் எதிர் ஆட்டக்காரர்கள்' போட்டியில் ஊதியம் வாங்காத செல்வந்தர்கள் ஒரு பக்கம், கூலிக்கு ஆடியவர்கள் மறுபக்கம். மட்டை பிடிப்பது கனவானின் அழகாகவும், வெயிலில் ஓடி வந்து பந்து வீசுவது கூலியாளின் வேலையாகவும் கருதப்பட்டன. மன்றங்கள் தொழில்முறை வீச்சாளர்களை அமர்த்தி, உறுப்பினர்களின் மட்டைப் பயிற்சிக்கு வலைகளில் வீசச் செய்தன. 1962 முடியும் வரை இந்தப் பிரிவு ஏட்டளவில் நீடித்தது.

இந்தியாவில் இந்த வேலைக்குச் சாதியும் சேர்ந்துகொண்டது. தீண்டாமைக்கு ஆளான தோல் தொழில் சமூகத்தில் 1876இல் தார்வாரில் பிறந்த பல்வங்கர் பாலு, புனேயில் பார்சிகளின் மைதானத்தில் மாதம் 3 ரூபாய்க்கும், பின்னர் வெள்ளையர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய்க்கும் வேலை பார்த்தார். ஆடுகளத்தைச் சமன் செய்வதும், வலையைக் கட்டுவதும், அதிகாரிகளுக்குப் பந்து வீசுவதும் அவர் பணி. அங்கே மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. ஜே. ஜி. கிரெய்க் என்ற தேர்ந்த மட்டையாளருக்கு நாள்தோறும் மணிக்கணக்கில் வீசியே அவருடைய சுழல் கூர்மை பெற்றது. 1906இல் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை வென்றதில் அவர் பங்கு பெரிது. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். இருந்தும் தேநீரை மற்ற வீரர்களோடு அமர்ந்து அருந்த விடப்படாமல், தனி மண்குவளையில் வெளியே நின்று வாங்கிய காலம் அவருக்கு உண்டு. இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு ஒருபோதும் தரப்படவில்லை.

இந்த வரலாறுகளில் பொதுவானது ஒன்று. வேலை தருபவர் மட்டையாளர். அவருக்கு வேண்டிய பந்தைப் போடுவதே வீசுபவரின் கடமை. ஆனால் அந்தக் கடமையைச் செய்துகொண்டே கிரெய்ட்டனும் பாலுவும் மட்டையாளர் வேண்டாத பந்தைக் கற்றுக்கொண்டார்கள்.

3. ஏரித் தரையின் பட்டறை

சேலம் மாவட்டத்தின் மேற்கில் தறிகள். கிழக்கே ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கும் சேகோ ஆலைகளும் பாக்குத் தோப்பும். பொருளாதாரம் வேறானாலும் கிரிக்கெட் ஒன்றுதான். பொங்கலிலிருந்து கோடை முடிய, வற்றிய ஏரிகளிலும் பள்ளி மைதானங்களிலும் அறுவடை முடிந்த காடுகளிலும் டென்னிஸ் பந்துப் போட்டிகள் நடக்கின்றன. நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, ஆள் உயரக் கோப்பை, ஒலிபெருக்கியில் வர்ணனை என்று அதற்கு முழுமையான ஓர் அமைப்பு உண்டு. நன்றாக வீசும் வெளியூர்ப் பையனுக்குப் பஸ் செலவும் சாப்பாடும் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து அழைத்துவரும் வழக்கமும் உண்டு. புரூக்ளினில் 1860இல் மறைவாக நடந்தது இங்கே வெளிப்படையாக நடக்கிறது. தொழில்முறைக் கிரிக்கெட்டின் முதல் படி இந்தக் கைச்செலவுப் பணம்தான். சங்கப் பதிவேடுகளில் அது ஏறுவதில்லை என்பதால் இல்லாமல் போய்விடாது.

நடராஜன் 20 வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். தோல் பந்தில் முறையான பயிற்சி கிடைக்காததை ஓர் இழப்பாக மட்டும் பேசுகிறார்கள். அவருடைய தனிச் சிறப்பான யார்க்கர் பந்து எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த ஆண்டுகளிலேயே விடை இருக்கிறது என்பது என் கருத்து.

கிரிக்கெட் தோல் பந்தின் எடை ஏறத்தாழ 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. டென்னிஸ் பந்துக்குத் தையல் விளிம்பு இல்லாததால், தரையில் பட்டு இருபுறமும் விலகும் வித்தையை அதில் செய்ய முடியாது. நடுவில் குத்தினால் எழும்பி நின்று அடிக்க வாகாக வரும். எல்லைக்கோடும் அருகில். எனவே ஓட்டம் தராமல் தப்ப வீசுபவருக்கு மிஞ்சும் இடம் மட்டையாளரின் கால்விரல் நுனியும் ஸ்டம்பின் அடியும்தான். அங்கே குத்தும் பந்து யார்க்கர். அளவு ஒரு சாண் தவறினாலும் முழுப் பந்தாகிப் பறந்துவிடும். இதோடு இன்னொன்று: இந்தப் போட்டிகளில் பல ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டங்கள். எந்த ஓவரும் கடைசி ஓவர் போலத்தான் நடக்கும். ஆகவே இருபது ஓவர்க் கிரிக்கெட்டில் மிகக் கடினமானதாகக் கருதப்படும் இறுதி ஓவர் வீச்சு, ஏரித் தரையில் வளர்ந்த வீச்சாளருக்கு அன்றாட வேலை.

யார்க்கர் எந்த மட்டையாளரும் கேட்டு வாங்கும் பந்து இல்லை. அது வீசுபவரின் தீர்மானம். பணிவிடை கைவினையாக மாறும் இடம் என்று முன்னே சொன்னது இதைத்தான். அந்த மாற்றம் நடராஜனுக்குப் பயிற்சிக்கூடத்தில் நேரவில்லை. கைச்செலவுக்கு ஆடிய ஊர்ப் போட்டிகளில் நேர்ந்தது.

4. சென்னை வழியும் கையின் சோதனையும்

ஊரிலிருந்து தோல் பந்துக்குப் போகும் வழியைத் திறந்தவர் அதே ஊரைச் சேர்ந்த ஏ. ஜெயப்பிரகாஷ். பிற்காலத்தில் நடராஜன் தம் சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று பொறித்துக்கொண்டது அந்தக் கடனுக்கான அடையாளம். சென்னை லீக்கின் நான்காம் பிரிவில் பி.எஸ்.என்.எல். அணி, அடுத்து விஜய் சி.சி., பிறகு சன்மார் குழுமம் ஆதரிக்கும் ஜாலி ரோவர்ஸ் என்று அவர் ஏறினார். மேட்டூரில் ஆலை நடத்தும் குழுமம் அது. ஆனால் மேட்டூருக்குப் பக்கத்துப் பையன் அதன் அணியில் சேரச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

நிறுவன அணிகளின் பங்கை நியாயமாக எடைபோட வேண்டும். வேலையும் ஊதியமும் தந்து ஆட்டக்காரரைத் தாங்கும் அந்த முறை இல்லாமல் தமிழ்நாட்டுக் கிரிக்கெட் இவ்வளவு காலம் நின்றிருக்காது. பாலுவின் 4 ரூபாய்க்கும் லீக் ஒப்பந்தத்துக்கும் இடையே உள்ள தூரம் பெரிது: இங்கே ஆட்டக்காரர் அணியின் உறுப்பினர், ஏவலாள் இல்லை. ஆனால் அந்த வாய்ப்பு தலைநகரில் குவிந்திருப்பதால், அதைத் தொடுவதற்குள் மாவட்டத்துப் பையனின் நல்ல வயது கழிந்துவிடுகிறது.

2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான நடராஜனின் பந்துவீச்சு முறைமேல் அந்தப் போட்டியிலேயே சந்தேகம் எழுப்பப்பட்டது. வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி. இலேசான டென்னிஸ் பந்துக்கு வேகம் ஏற்ற, கை தன் போக்கில் ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அதைத் திருத்த அந்த வயதில் அருகில் யாரும் இருப்பதில்லை. சுனில் சுப்ரமணியம், எம். வெங்கடரமணா, டி. வாசு ஆகியோர் துணையோடு அவர் தம் வீச்சை அடியிலிருந்து மாற்றி அமைத்தார். 20 வயதுக்கு மேல் பழகிய உடம்பைப் பிரித்துக் கட்டுவது எத்தகைய உழைப்பு என்பதை எந்த வெற்றிக் கதையும் போதிய அளவு சொல்லவில்லை. கிரெய்ட்டனின் மணிக்கட்டு போலவே, தானாகக் கற்ற கை நிறுவனத்தின் வாசலில் முதலில் எதிர்கொள்வது சந்தேகத்தைத்தான். விதி வேண்டும். ஆனால் விதியை 23 வயதில் தண்டனையாகச் சந்திக்க வைப்பதா, 13 வயதில் பாடமாகச் சொல்லித் தருவதா என்பது நிறுவனங்கள் எடுக்க வேண்டிய முடிவு.

5. ஏலமும் வலையும்

2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காக, தூத்துக்குடி அணிக்கு எதிரான சூப்பர் ஓவரில் தொடர்ந்து யார்க்கர்களை வீசி நடராஜன் கவனம் பெற்றார். அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்த அவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. பின்னர் ஐதராபாத் அணிக்குப் போனார். 2018, 2019 இரு பருவங்களிலும் அவருக்கு ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. அணியில் இருந்தும் ஆடாத வீச்சாளரின் வேலை, பெரும்பாலும் தன் அணி மட்டையாளர்களுக்கு வலையில் வீசுவதுதான். 2020இல் 16 ஆட்டங்களில் 16 விக்கெட் எடுத்தார். வெளியேற்றுச் சுற்றில் ஏ.பி. டிவில்லியர்ஸின் ஸ்டம்பை யார்க்கரால் சாய்த்தார்.

அந்தச் சாதனைக்குப் பிறகும் ஆஸ்திரேலியப் பயணத்தில் முதலில் அவருக்குத் தரப்பட்ட பொறுப்பு வலைப்பந்து வீச்சாளர் பொறுப்புதான். மற்றவர்கள் போட்டிக்குத் தயாராக, அவர்களுக்கு வேண்டிய பந்தைப் போடும் ஆள். பூனா கிளப் வலைகளில் பாலு பார்த்த வேலையின் நேர் வாரிசு இந்தப் பதவி. வருண் சக்கரவர்த்தி காயமடைந்ததால் இருபது ஓவர் அணியில் இடம் வந்தது. அடுத்தடுத்து மற்ற வீச்சாளர்களின் காயங்கள் ஒருநாள் அணிக்கும் டெஸ்ட் அணிக்கும் கதவைத் திறந்தன. கான்பெராவில் முதல் இருபது ஓவர் போட்டியில் 30 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். அந்தத் தொடரில் மொத்தம் 6. பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 78 ஓட்டங்களுக்கு 3. 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் தோற்காத ஆஸ்திரேலியாவை 2021 ஜனவரி 19 அன்று இந்தியா வென்றது.

இதை அதிர்ஷ்டம் என்பவர்கள் உண்டு. மற்றவர் காயம் வாய்ப்பைத் தந்தது உண்மை. ஆனால் வாய்ப்பு வந்த நாளில் அந்த இடத்துக்கு ஏற்ற வீச்சு கையில் இருந்ததற்குக் காரணம் பத்தாண்டு ஊர்ப் போட்டிகளும் திருத்தி அமைத்த முழங்கையும்.

6. தேயும் உடம்பு

2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான கடைசி ஒருநாள் போட்டியில், வெற்றிக்கு 14 ஓட்டம் தேவைப்பட்ட இறுதி ஓவரைச் சாம் கரனுக்கு எதிராக வீசி இந்தியாவைக் காத்தார். அடுத்த மாதமே முழங்கால் அறுவைச் சிகிச்சை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர் என்று ஏழு பன்னாட்டுப் போட்டிகளும் நான்கு மாதத்துக்குள் அடங்கின. ஐ.பி.எல்.லில் அவர் கை ஓயவில்லை: 2022இல் 11 ஆட்டங்களில் 18 விக்கெட், 2024இல் 19 விக்கெட்.

வேகமாக வீசும் தொழிலில் முதலீடு, கருவி இரண்டும் உடம்புதான். 1884இல் பிராவிடன்ஸ் அணியின் சார்லஸ் ராட்போர்ன் ஒரே பருவத்தில் 670க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் எறிந்து பேஸ்பாலின் வியப்பானார். அந்த அளவை அவர் மறுபடி எட்டவில்லை. கையை ஓய்வெடுக்க விடாமல் கறக்கும் போக்கு அன்று அணி உரிமையாளரிடம் இருந்தது. இன்று மருத்துவர், உடற்பயிற்சியாளர், பணிச்சுமைக் கணக்கு என்று பெரிய அணிகளில் பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனால் அது உச்சியில் மட்டும் இருக்கிறது. ஆத்தூரில் ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆட்டம் வீசும் பதினேழு வயதுப் பையனுக்கு முழங்கால் வலி வந்தால், அவனுக்குக் கிடைப்பது தைலமும் ஒரு வாரச் சும்மா இருப்பும்தான்.

7. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி அணி நடராஜனை 10.75 கோடிக்கு எடுத்தது. இவ்வளவு வாங்குபவரை 4 ரூபாய்ப் பாலுவோடு வைத்துப் பேசலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஊதியத்திலும் மதிப்பிலும் சட்டப் பாதுகாப்பிலும் இருவர் நிலையும் ஒன்றல்ல. பாலு சுமந்த தீண்டாமையின் பாரத்தை எந்த ஒப்பீடும் குறைத்துக் காட்டக் கூடாது.

நான் ஒப்பிடுவது தொகையை அல்ல, உறவை. மட்டையாளருக்காக அமர்த்தப்படும் கை என்ற உறவு 2020 வரை மாறாமல் வந்திருக்கிறது. 10.75 கோடி வாங்கும் ஒருவருக்குப் பின்னால், வலையில் வீசிவிட்டு அடையாள அட்டையோடு ஊர் திரும்பும் நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். ஒரு தொழிலின் நீதியை அதன் உச்சி ஊதியத்தை வைத்து அளக்க முடியாது. அடியில் நிற்பவருக்கு என்ன உத்தரவாதம் என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

8. ஆத்தூருக்கு இதன் பொருள்

நடராஜன் இந்தப் பாடத்தைத் தாமே உணர்ந்தவர். சின்னப்பம்பட்டியில் அவரும் ஜெயப்பிரகாஷும் பயிற்சிக்கூடம் அமைத்தார்கள். 2023 ஜூனில் அங்கே அவர் உருவாக்கிய மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். அதே ஊரின் ஜி. பெரியசாமி 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதிப் போட்டியில் 5 விக்கெட் எடுத்துச் சேப்பாக்கம் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். ஒரு சிற்றூரிலிருந்து இரண்டாவது வீச்சாளர் வருவது தற்செயல் இல்லை. வழிகாட்டும் ஆளும் வீசும் இடமும் இருந்தால் திறமை தொடரும் என்பதற்கு அது சான்று.

கிழக்கே நிலைமை நம்பிக்கை தருவதாகவே இருக்கிறது. ஆத்தூர் போகும் சாலையில் வாழப்பாடிக்கு அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லிப் பையன்கள் தொலைக்காட்சியில் பார்த்த வீரர்களைப் பஸ் ஏறிப் போய் நேரில் பார்க்கிறார்கள். ஆனால் மைதானம் பார்வையாளரை உருவாக்கினால் மட்டும் போதாது.

இந்த ஆய்விலிருந்து நான்கு தேவைகள் எழுகின்றன. முதலாவது, ஊர் டென்னிஸ் பந்துப் போட்டிகளை மாவட்டக் கிரிக்கெட் நிர்வாகம் தன் தேர்வுக் களமாக ஏற்க வேண்டும். தேர்வாளர்கள் ஏரிக்குப் போக வேண்டும். இரண்டாவது, வட்டந்தோறும் வளரிளம் வீச்சாளர்களின் கைமுறையைப் பார்த்துத் திருத்தும் பயிற்சியாளர் வேண்டும். மூன்றாவது, வீசும் சிறுவர்களுக்கு ஓவர் வரம்பும் எலும்பு, மூட்டு மருத்துவ வழிகாட்டலும் வேண்டும். நான்காவது, வலைப்பந்து வீச்சாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தமும் நியாயமான ஊதியமும் காயக் காப்பீடும் வேண்டும். இவை எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. பந்து வீசுவது ஒரு தொழில் என்ற ஒப்புதல் தேவை.

நடராஜனை வறுமையை வென்ற அதிசயமாக மட்டும் கொண்டாடும்போது, அடுத்தவரும் அதிசயமாகவே வரட்டும் என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவரை ஒரு தொழிலாளியாக, ஒரு கைவினையைச் சொந்தமாக உருவாக்கியவராகப் படித்தால், அந்தக் கைவினை எந்தச் சூழலில் பிறந்தது என்பது தெரியும். அந்தச் சூழல் ஆத்தூரின் ஒவ்வொரு ஏரித் தரையிலும் ஏற்கெனவே இருக்கிறது. பாலுவுக்குத் தலைமையை மறுத்த சமூகம், அவர் கையை மட்டும் பயன்படுத்திக்கொண்டது. நம் மாவட்டம் தன் வீச்சாளர்களுக்கு அந்தத் தவற்றைச் செய்யாதிருக்க வேண்டுமானால், பையன் புகழ் பெற்ற பிறகு மாலை போடுவதை விட்டு, அவன் பஸ் செலவுக்கு வீசும் வயதிலேயே அவன் வேலையை வேலையாக மதிக்கத் தொடங்க வேண்டும்.